அருவிக்கும் ஒரு பங்கு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

ஆனி பிறந்து சாரல் வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் தென்காசியில் வீட்டுக்கு வீடு விருந்தினர் கூட்டம்தான். வெளியூர் உறவினர் யார் பேசினாலும், “குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா?” என்பதே முதற் கேள்வி. நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சென்ற பருவத்தில் என் தாய்மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். பேரருவியில் நீராடிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே, “ஏம்மா, இவ்வளவு தண்ணியும் வீணால்லா போகுது! இதுல ஒரு கரண்டு நிலையம் கட்டினா என்ன?” என்று என்னிடம் கேட்டார்.

பக்கத்தில் நின்ற என் தந்தையின் முகம் வாடிவிட்டது. அவர் குற்றாலத்தில் சீசன் கடை வைத்திருப்பவர். துண்டு, எண்ணெய், மங்குஸ்தான், ரம்புட்டான் என்று மூன்று மாதம் விற்பதில்தான் எங்கள் வீட்டின் ஓராண்டுச் செலவும் என் பள்ளிக் கட்டணமும் அடங்கியிருக்கின்றன. “அருவியக் குழாய்க்குள்ள விட்டுட்டா யாரு மச்சான் குளிக்க வருவா?” என்று மட்டும் சொன்னார்.

இருவர் கேள்வியும் என் மனத்தை விட்டு அகலவில்லை. எங்களுக்கு அறிவியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் சென்று கேட்டேன். “பதிலை நீயே தேடி எழுது, ஆண்டு மலருக்கு ஆகும்” என்று சொல்லிவிட்டார்கள். அப்படித் தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் மாமாவின் கேள்வியைப் பார்ப்போம். நீர்மின்சாரத்துக்கு அடிப்படை இரண்டு. ஒன்று நீரின் அளவு, மற்றொன்று அது விழும் உயரம். விநாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 50 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். அதைப் புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8 ஆலும், உயரமாகிய 50 ஆலும் பெருக்கினால் 4,90,000 வாட், அதாவது 490 கிலோவாட் வரும். குழாயிலும் சுழலியிலும் ஏற்படும் இழப்பு போக நம் கைக்கு வருவது ஏறத்தாழ 400 கிலோவாட். அருவியில் விழுந்து சிதறும் நீரைச் சுழலிக்கு அனுப்ப இயலாது. ஆகவே அருவிக்கு மேலேயே ஆற்றை மறித்து, நீரைக் குழாயில் இறக்கி, அருவிக்குக் கீழே சுழலியில் விட வேண்டும். அப்படிச் செய்தால் பாறையில் விழ நீர் இராது. என் தந்தை அஞ்சியது சரியே.

மூன்றாவதாக ஒன்று வேண்டும். அது தொடர்ச்சி. நம் சிற்றாறு தென்மேற்குப் பருவமழையின் பிள்ளை. செங்கோட்டைக் கணவாய் வழியே மேகம் வந்தால் பெருக்கெடுக்கும், வெயில் அடித்தால் நூலாக இளைத்துவிடும். அத்தகைய ஆற்றில் நிலையம் கட்டினால் ஆண்டில் பாதி நாள் அது உறங்கிக்கொண்டிருக்கும். நீரைத் தேக்கிவைக்கப் பெரிய அணை வேண்டும். தாமிரபரணியில் அதற்கு இடம் இருந்தது. காரையாற்றில் அணை கட்டி, 1944ஆம் ஆண்டிலிருந்தே பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்நிலையத்தின் திறன் 32 மெகாவாட். நம் பகுதிக்கு நீர்மின்சாரம் ஒன்றும் புதிதன்று.

மாமாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் தந்தையின் கேள்விக்குப் பதில் தேடியபோது உலகத்தையே சுற்றிவர நேர்ந்தது. மின்சாரமும் வேண்டும், அருவியும் வேண்டும் என்றால் என்ன செய்வது? அதிலும் ஆறு இரண்டு அரசுகளுக்குப் பொதுவாக இருந்துவிட்டால்?

கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் எல்லையில் விழுகிறது நயாகரா. அதன் நீரை இரு நாட்டாரும் மின்சாரத்துக்கு இழுக்கத் தொடங்கியபோது, இப்படியே போனால் அருவி வறண்ட பாறையாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1909இல் எல்லை நீர் ஒப்பந்தம் ஒன்று செய்து, யார் எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு கட்டினர். 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம் அதைவிட ஒரு படி மேலே சென்றது. அதில் முதல் பங்கு எந்த நாட்டுக்கும் இல்லை, அருவிக்குத்தான்! சுற்றுலாப் பருவத்தில் பகல் வேளையில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி நீர் அருவியில் விழுந்தே ஆக வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் ஐம்பதாயிரம் கன அடி போதும். எஞ்சிய நீரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாம். பருவம் எது, பகல் எது என்பதையும் விட்டுவைக்கவில்லை. ஏப்ரல் முதல் நாளிலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை, அதன் பின் அக்டோபர் இறுதி வரை காலை 8 முதல் இரவு 8 வரை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அருவிக்கு மேலே மதகுகள் வைத்து அதன்படியே நீரைத் திருப்புகிறார்கள். இரவில் அருவியைக் குழாயைத் திருகுவது போல் குறைத்துவிடுகிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், எழுதி வைத்ததனால்தானே பாதியாவது விழுகிறது?

இனி, எழுதி வைக்காத ஓர் அருவியின் கதை. தென் அமெரிக்காவில் பரானா ஆறு பிரேசிலுக்கும் பராகுவேக்கும் எல்லையாக ஓடுகிறது. அந்த எல்லையில் குவைரா என்ற அருவிக் கூட்டம் இருந்தது. பிரேசில் மக்கள் அதனை ‘ஏழு அருவிகள்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். நமக்கு ஐந்தருவி, அவர்களுக்கு ஏழருவி. நீரின் அளவில் அது நயாகராவை விடப் பெரியது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் இரு நாடுகளும் இட்டைப்பு அணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

ஒரு வகையில் இவ்வொப்பந்தம் பாராட்டத் தக்கதே. சிறிய நாடான பராகுவேக்கும் பெரிய நாடான பிரேசிலுக்கும் மின்சாரம் சரிபாதி. மொத்தம் 20 சுழலிகள், 14,000 மெகாவாட் திறன். பராகுவேயில் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, பிரேசிலில் 60 சுற்று என்பதால் பத்து இயந்திரங்களை ஒரு விதமாகவும் பத்தை வேறு விதமாகவும் அமைத்திருக்கிறார்கள். இது எத்தகைய ஒத்துழைப்பு, பாருங்கள்! ஆற்றின் கீழ்ப்புறத்தில் உள்ள அர்ஜென்டினா கவலை கொண்டபோது, 1979இல் மூன்று நாடுகளும் கூடி அதற்கும் ஓர் உடன்பாடு கண்டன. 2016ஆம் ஆண்டில் மட்டும் இட்டைப்பு 10,300 கோடி யூனிட் மின்சாரம் தந்தது.

ஆயினும், யாருக்கெல்லாமோ பங்கு பிரித்தவர்கள் அருவிக்கு ஒன்றும் வைக்கவில்லை. 1982 அக்டோபரில் அணையின் மதகுகளை மூடினார்கள். இரண்டே வாரங்களில் ஏழு அருவிகளும் நீருக்குள் மூழ்கிப்போயின. அருவிகள் போகப்போகின்றன என்று தெரிந்ததும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட மக்கள் திரண்டு வந்திருக்கிறார்கள். அவ்வாண்டு ஜனவரியில் அங்கிருந்த தொங்குபாலம் ஒன்று அறுந்து பலர் உயிரிழந்தனர். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஊரிலும் துண்டு விற்றவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

நம் நாடும் அண்டை நாட்டோடு இவ்வாறு இணைந்து செயல்பட்டிருக்கிறது. 1974இல் பூடானோடு ஒப்பந்தம் செய்து, நம் உதவியோடு சூக்கா என்ற இடத்தில் 336 மெகாவாட் நிலையம் எழுந்தது. அங்கே மிஞ்சும் மின்சாரத்தை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம்.

தோழியரே, அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டு மாடியில் ஏறி நின்று பார்த்தால் தெரிகிறதே, அந்த மலைமுகட்டுக்கு அப்பால் கேரளம். இந்தப் பக்கம் விழும் மழை சிற்றாறாகித் தாமிரபரணியில் சேர்கிறது. அந்தப் பக்கம் விழுவது ஆரியங்காவு அருகே பாலருவியாக இறங்கிக் கல்லடையாற்றுக்குப் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படி அக்கரை இக்கரையாகப் பல ஆறுகள். அவற்றில் சிலவற்றின் நீரை இரு மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன.

பெரியாறு அனைவரும் அறிந்தது. 1886ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாசனத்தைப் பற்றிப் பேசிற்றே தவிர, மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்காலத்தில் யார் நினைத்தார்கள்? பின்னர் அந்நீரில் மின்சாரம் எடுக்கச் சென்னை மாகாணம் விரும்பியபோது திருவிதாங்கூர் மறுத்தது. 1941இல் நடுவர் தீர்ப்பும் சென்னைக்கு எதிராகவே வந்தது. பிறகு பேசித் தீர்த்து, லோயர் கேம்ப்பில் மின்நிலையம் எழுந்தது. 1970இல் துணை ஒப்பந்தம் எழுதி, மின்சாரத்துக்குத் தமிழ்நாடு கேரளத்துக்குத் தனியே கட்டணம் செலுத்துவது என்று முடிவாயிற்று. அணையின் உயரம் பற்றிய வழக்கு வேறு கதை. அதற்குள் நான் புகவில்லை.

என் தந்தையின் கேள்விக்கு நெருங்கியது பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டமே. இதன் ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று எழுதப்பட்டது. இதன்படி தமிழ்நாடு ஆண்டுதோறும் கேரளச் சோலையாறு அணைக்கு 12.3 டி.எம்.சி. நீரும், சித்தூர்ப் பகுதிப் பாசனத்துக்கு 7.25 டி.எம்.சி. நீரும் கொடுக்க வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 12.3 டி.எம்.சி. என்றால் பெரிதாகத் தோன்றுகிறது. நான் கணக்கிட்டுப் பார்த்தேன். நயாகராவின் பகல் அளவில் விட்டால் ஒன்றரை நாளுக்குள் தீர்ந்துவிடும்! நம் ஆறுகள் அவ்வளவு சிறியவை. அதனால்தான் சொட்டுச் சொட்டாய்ப் பங்கு பிரிக்க வேண்டியிருக்கிறது.

கேரளத்துக்குச் செல்லும் அந்த நீர் சும்மா போவதில்லை. தமிழ்நாட்டுச் சோலையாற்றின் இரண்டாம் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. கேரளத்தின் சோலையாற்று நிலையத்தில் மறுபடியும் சுழற்றுகிறது. பெரிங்கல்குத்து நிலையத்தில் இன்னொரு முறை. இத்தனையும் முடித்துவிட்டு, சாலக்குடி ஆறாக அதிரப்பள்ளியில் அருவியாய் விழுகிறது. ‘புன்னகை மன்னன்’ படத்தில் வரும் அருவி என்றால் எல்லோருக்கும் தெரியும். மேலே எந்த நிலையம் எப்போது ஓடுகிறது என்பதைப் பொறுத்தே இங்கே நீர் கூடுவதும் குறைவதும்.

அந்த அருவிக்கு மேலேயே நீரை மறித்து 163 மெகாவாட் நிலையம் கட்டக் கேரள மின்வாரியம் திட்டமிட்டது. அருவிக்கு ஓரளவு நீர் விடுவோம் என்றும் சொன்னார்கள். அக்காட்டில் காலங்காலமாக வாழும் காடர் இன மக்களும், கீழே பாசனம் செய்யும் உழவர்களும் எதிர்த்தனர். வழக்குகள் நடந்தன. 2011இல் மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு, இத்திட்டத்துக்கு அனுமதி கூடாது என்று அறிக்கை கொடுத்தது. அணை எழவில்லை. அருவி இன்றும் விழுகிறது.

ஆனால் அதைக் காப்பது எதிர்ப்பு மட்டுமே. பரம்பிக்குளம் ஒப்பந்தம் பாசனத்தையும் மின்சாரத்தையும் பற்றிப் பேசுகிறது. நயாகராவுக்கு இருப்பது போல் அதிரப்பள்ளிக்கென்று இத்தனை கன அடி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று ஒரு வரி கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உள்ளது. 1988இலேயே செய்திருக்க வேண்டியது. 2019 செப்டம்பரில் இரு முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழு அமைப்பதென முடிவு செய்தார்கள். நயாகராவைப் போல் அந்த ஒரு வரியையும் சேர்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. மழை குறைந்த ஆண்டில் பொள்ளாச்சி உழவருக்கும் சாலக்குடி உழவருக்கும் இது கசக்கலாம். ஆகவேதான் வழக்கு மன்றத்தில் அல்லாமல், பேச்சு மேசையில் முன்கூட்டியே எழுத வேண்டும் என்கிறேன்.

இதையெல்லாம் ஒருநாள் இரவு தந்தையிடம் படித்துக் காட்டினேன். மாமாவும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்போ அந்த ஊர்க்காரன் ராத்திரியில அருவியச் சின்னதாக்கிருதானா? கெட்டிக்காரன்தான்!” என்று மாமா சிரித்தார். தந்தை நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதிரப்பள்ளியில நம்மள மாதிரி கடைக்காரங்க இருக்காங்களா?” என்று கேட்டார். இருக்கிறார்கள் அப்பா என்றேன்.