ரிப்போட் நல்லா வந்ததென்று குளிசையை நிறுத்தாதீர்கள்

"கொலஸ்ட்ரோல் இறங்கீட்டுது, இனிக் குளிசை தேவையில்லை." கிளினிக் வரிசையில் இதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துவிட்டது. அண்மையில் பக்கத்தில் இருந்த ஐயா சொப்பிங் பையை அவிழ்த்தார். உள்ளே கடதாசி உறைகள். ‘இரவு 1’ என்ற மை ஈரத்தில் கரைந்திருந்தது. இரண்டு உறைகள் பிரிபடவே இல்லை. "அரிவு வெட்டு நேரம் தம்பி, ஆர் நினைவு வைச்சது?" என்றார்.

எண் இறங்கியது அந்தக் குளிசையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி ஏறும். எண்ணெயைக் குறைத்தவருக்கும் ஏறலாம், ஏனென்றால் கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கை நம் ஈரலே செய்கிறது. தின்ற கொழுப்பைப் பித்தநீர் குழைக்கும், கணையச் சாறு உடைக்கும். எரிந்தது போக மிச்சம் வயிற்றைச் சுற்றிச் சேரும். மிஞ்சிய சோற்றையும் சீனியையும்கூட ஈரல் கொழுப்பாக்கிவிடும். எண்ணெய் தொடாமல், மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கொலஸ்ட்ரோலும் கொழுப்பைப் போலவே நீரில் கரையாது. புரதத்தோடு பொதியாகித்தான் இரத்தத்தில் ஓடும். எல்.டி.எல். என்ற பொதி மிஞ்சினால் குழாய்ச் சுவரில் படியும், எச்.டி.எல். மிச்சத்தை ஈரலுக்குத் திருப்பும். கொலஸ்ட்ரோலுக்குத் தரும் அட்டோவஸ்டாட்டின் குளிசை ஈரலின் உற்பத்தியைக் குறைக்கிறது; ஈரலும் இரத்தத்தில் உள்ள எல்.டி.எல்லைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. இத்தனையும் வலி காட்டாமல் நடக்கும். அதனால்தான் நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

35 வயது தாண்டியவர்களுக்கு அரச ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்ப்பது இலவசம். எங்கே, எந்த நாளில் என்பதைப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் அறிவித்தல் ஒட்டியதோடு வேலை முடிந்ததென்று நினைக்கும் அதிகாரிகளே, ஒட்டுசுட்டானில் வயலில் நிற்பவர் அந்தச் சுவரை எப்போது வாசிப்பார்? பரிசோதனைக்குப் போகும்போது அடையாள அட்டையும் பழைய ரிப்போட்டும் கொண்டுபோங்கள். முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். இன்சுலின் போடுபவர்கள் முன்கூட்டியே வைத்தியரைக் கேளுங்கள்.

கிளினிக் திகதி தவறினால் அடுத்த மாதம் வரை இருக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளிலேயே கொப்பியோடு போங்கள். மிஞ்சிய குளிசைகளையும் உறையோடு காட்டுங்கள், ஒளிக்காதீர்கள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு இடம் மாறுவதானால், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய கடிதத்தை வைத்தியரிடம் வாங்கிக்கொண்டே போங்கள். அயலவரின் குளிசையைக் கடன் வாங்காதீர்கள்.

"மருந்து இல்லை" என்ற பதிலே கிளினிக்கில் தொடர்ந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த வைத்தியசாலைக்குரிய தகவல் அலுவலரிடம் காரணத்தைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இந்தக் குளிசை எடுக்கும்போது தசை கடுமையாக நொந்தால், சிறுநீர் கறுத்தால், கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். மற்றபடி, திரும்பவும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சு இறுகி, இடது கை உளைந்து, வியர்த்துக் கொட்டினால் வாய்வென்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்; 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.