செப்புக் கம்பியும் சிறுமரமும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்னும் பழமொழியை நம் கல்லூரியிற் பயின்றோர் எல்லோரும் பலமுறை கேட்டிருப்பர். பெரும்பாலும் அது நம்மை நோக்கியே சொல்லப்பட்டது. ஆயினும் அப்பழமொழி முதலிற் குறிப்பது மரத்தையே. இளங்கிளை வளையும், முதிர்ந்த கிளை முறியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்திலுள்ள கிளையை எங்ஙனம் வளைப்பது, வளைத்த நிலையில் எங்ஙனம் நிற்கச் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். அதற்குரிய கருவி செப்புக் கம்பி. அது பயன்படுங் களம் போன்சாய் என்னும் சிறுமரக் கலை.

போன்சாய் என்பது யப்பானியச் சொல். ஆழங்குறைந்த தட்டில் நட்டு வளர்க்கும் மரம் என்பது அதன் பொருள். இக்கலை சீனத்திலே தோன்றி யப்பானிலே செம்மையுற்றது. மரத்தைக் குள்ளமாக்குதலே இதன் நோக்கமெனப் பலர் கருதுவர். அஃது பாதி உண்மையே. சட்டியின் சிறுமையும், வேரையும் தளிரையும் காலந்தோறும் கத்தரித்தலும் மரத்தைச் சிறிதாக வைத்திருக்கும். ஆனால், நெடுங்காலம் காற்றையும் மழையையும் தாங்கிய பெருமரத்தின் சாயலை அச்சிறுமரத்திற்கு அளித்தலே கலைஞனின் வேலை. முதுமரத்தின் கிளைகள் தம் பாரத்தாலே தாழ்ந்திருக்கும். இளமரத்தின் கிளைகளோ வானை நோக்கி நிமிர்ந்திருக்கும். ஆதலின், கிளையைத் தாழ்த்துதலே முதுமைத் தோற்றத்தை உண்டாக்கும் முதல் வழியாகும்.

இதற்கு முற்காலத்தார் கையாண்ட முறைகள் பல. தென்சீனத்து லிங்நான் மரபினர் கிளையை வெட்டி, வேண்டிய திசையில் எழும் புதுத் தளிரை வளரவிட்டு உருவமைத்தனர். சீனத்தின் வேறு பகுதிகளில் பனையினத்து நாரினாற் கட்டி வளைத்தனர். யப்பானிலே கம்பி சுற்றும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவலாயிற்று. 1910 ஆம் ஆண்டளவில் நாகம் பூசிய இரும்புக் கம்பியே பொதுவாக வழங்கியது. செம்பு விலையுயர்ந்ததாகையால், சிறந்த மரங்களுக்கே அது பயன்பட்டது.

கண்டியைச் சூழ வாழும் நமக்கு மரத்தை உருத்திருத்துதல் புதுமையன்று. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் வணிகப் பயிராகத் தேயிலையை நட்டார். அன்று தொட்டு நம் மலைச்சரிவுகள் உருத்திருத்திய மரங்களால் நிறைந்துள்ளன. தேயிலை இயல்பிலே மரம். தன்போக்கில் விட்டால் இருபது முப்பது அடி உயரக்கூடிய அதனைக் கவ்வாத்துக் கத்தியும் கொழுந்து கிள்ளும் விரல்களுமே இடுப்பளவில் நிறுத்தியுள்ளன. இனி, 1821 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் சென்றோர், அங்குள்ள பெரும் புற்றரையிற் குடைபோற் பரந்து நிற்கும் ஜாவா அத்தியைக் கண்டிருப்பர். அதே இனத்து மரத்தை ஒரு சாண் தட்டிலும் வளர்க்கலாம். ஜாவா அத்தி, ஆல், இத்தி, புளி, போகன்விலா, கைவிடப்பட்ட தேயிலைத் தூர் ஆகியன இவ்வூர்ச் சுவாத்தியத்தில் இக்கலைக்கு நன்கு இணங்குவன. ஆலும் இத்தியும் பழைய மதில்களிலும் வடிகால்களிலும் தாமாகவே முளைத்திருக்கக் காணலாம். கன்று வேண்டுவோர் அத்தகைய இடங்களிலேயே தேடுதல் வேண்டும். உடவத்தகெலே, நக்கிள்ஸ் முதலிய காப்பு வனங்களிற் செடி பிடுங்குதல் சட்டத்துக்கு மாறானது.

இனிச் செம்பை ஏன் தேர்கின்றோம் என்பதை நோக்குவோம். வளைக்கும் கம்பிக்கு ஒன்றுக்கொன்று முரணான இரு குணங்கள் வேண்டும். சுற்றும்பொழுது அது கைக்கு இணங்கி மென்மையாய் இருத்தல் வேண்டும். சுற்றி முடிந்த பின் கிளையின் எதிர்ப்பைத் தாங்கி வன்மையாய் நிற்றல் வேண்டும். செம்பு இவ்விரண்டையும் ஒருங்கே உடையது. உலோகங்கள் நுண்ணிய பளிங்குகளால் ஆனவை. தீயிற் காய்ச்சிய செம்பின் பளிங்குகளுள் அணுத்தளங்கள் எளிதில் வழுக்கும். ஆதலால் அது மெழுகுபோல் வளையும். வளைக்குந்தோறும் அத்தளங்கள் ஒன்றையொன்று தடுத்துச் சிக்கிக்கொள்வதால், உலோகம் வன்மையடைகின்றது. இவ்வாறு சுற்றும் செயலே கம்பியை இறுக்கிவிடுகின்றது. சுற்றிய கம்பியைப் பிரித்து மறுபடியும் சுற்ற முயல்வோர்க்கு இவ்வுண்மை உடனே புலப்படும்.

அலுமினியக் கம்பியும் இக்காலத்துப் பெரிதும் வழங்குகின்றது. அது செம்பினும் மென்மையானது; அவிழ்த்து மீண்டும் பயன்படுத்தத் தக்கது; பழகுவோர் கைக்கு ஏற்றது. விரைவிற் பருக்கும் மென்பட்டைக் கிளைகளுக்கு அதனையே கொள்ளலாம். ஆனால், ஒரே பிடிப்பைப் பெறுவதற்குச் செம்பினும் பருமனான அலுமினியம் வேண்டும். கிளை கெட்டியாயும், கம்பி கண்ணை உறுத்தாததாயும் இருக்கவேண்டிய இடத்திற் செம்பே சிறந்தது. இரும்புக் கம்பியை இருவகைக்கும் விலக்குக. அது நம் மழையில் துருப்பிடித்துப் பட்டையைக் கறைப்படுத்தும்.

செம்பைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. மின்சாரப் பொருட் கடைகளில் வீட்டு வேலைக்கென விற்கும் வயரினுள்ளே இருப்பது செம்பே. அதன்மேல் 7/0.67 எனக் குறித்திருப்பின், ஏழு இழைகள் உள்ளன, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர் விட்டமுடையது என்று பொருள். அவ்வாறே 7/0.85, 7/1.04, 7/1.35, 7/1.70 என்பனவும், ஒற்றை இழையாகிய 1/1.13 உம் உள. வீடு திருத்துங்கால் எஞ்சும் துண்டுகளே தொடக்கத்துக்குப் போதும். இதனினும் பருமனான கம்பியைக் கேஜ் கணக்கில் வாங்கலாம்: 14 ஆம் கேஜ் 2.03 மில்லிமீற்றர், 12 ஆம் கேஜ் 2.64, 10 ஆம் கேஜ் 3.25. எண் ஏறக் கம்பி மெலியும் என்பதை நினைவிற் கொள்க. வயரின் பிளாஸ்டிக் உறையைக் கத்தியாற் கீறியே உரித்தல் வேண்டும். தீயில் இட்டு எரித்தால் எழும் புகை நஞ்சாகும். இதனை மாணவர் சிறப்பாகக் கருத்திற் கொள்வாராக.

கம்பியின் பருமன் கிளையின் பருமனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. செம்பாயின் அதனினும் சற்று மெல்லியது போதும். ஆறு மில்லிமீற்றர்க் கிளைக்கு 1.70 மில்லிமீற்றர் இழையும், நாலு மில்லிமீற்றர்க் கிளைக்கு 1.04 அல்லது 1.13 இழையும், சிறு கொம்புகளுக்கு 0.67 இழையும் பொருந்தும். எனினும் மரத்துக்கு மரம் வன்மை வேறுபடும். ஆகவே கம்பியின் நுனியைக் கிளையின்மேல் வைத்து அழுத்திப் பார்க்க. கிளை அசையாது கம்பி மாத்திரம் வளையுமாயின், அது போதாது; அடுத்த பருமனை எடுத்தல் வேண்டும்.

கடையில் வாங்கிய கம்பி இழுப்பினாலும் முறுக்கினாலும் ஓரளவு இறுகியிருக்கும். அதனை மீண்டும் மென்மையாக்கல் வேண்டும். யப்பானியக் கலைஞர் இதற்கு நெல்லின் வைக்கோலையே எரிப்பர். வைக்கோல் தீ எங்கும் ஒருசீராய் எரிந்து விரைவில் அடங்குமாதலால், கம்பி அளவுக்கு மிஞ்சிச் சூடேறாது. நம்மூர் வயலிலும் அதற்குக் குறைவில்லை. உறையுரித்த கம்பியைப் பெரிய வளையமாக நெகிழச் சுருட்டி, பொழுது சாயும் வேளையில் வைக்கோல் தீயில் இடுக. மங்கிய செந்நிறம் தோன்றியதும் எடுத்துவிடலாம். வெயிலில் அந்நிறம் புலப்படாது என்பதற்காகவே மாலைப் பொழுது கூறப்பட்டது. அளவின்றிக் காய்ச்சினாற் பளிங்குகள் பருத்துக் கம்பி நொய்ந்துபோம். உருக்கைப் போலச் செம்பு நீரில் இட்டதும் வன்மையடைவதில்லை. ஆகையால் நீரிலே குளிர்வித்தாலும் குற்றமில்லை. மேலே படியும் கருநிற ஒட்சைட்டைத் துணியால் துடைத்துவிடுக. காய்ச்சிய பின் வீணாக வளைத்தும் நிமிர்த்தியும் பார்த்தால், பெற்ற மென்மையை இழக்க நேரிடும்.

சுற்றும் முறைக்கு வருவோம். அன்றைக்கு மரத்துக்குச் சிறிது நீர் குறைத்தல் நன்று. நீர் நிறைந்து விறைத்த கிளையினும் சற்று வாடிய கிளை எளிதில் இணங்கும். கிளையின் நீளத்தில் ஒன்றரை மடங்கு கம்பியை வெட்டிக்கொள்க. பிடிமானம் இல்லாத கம்பி எதனையும் பிடியாது. ஆகவே, அடுத்தடுத்த இரு கிளைகளை ஒரே கம்பியால் இணைத்து, நடுப்பகுதியைத் தண்டில் ஒரு சுற்றாவது சுற்றுதல் வேண்டும். தண்டிலிருந்து கிளைக்கும், அடியிலிருந்து நுனிக்கும், பருமனான கம்பியிலிருந்து மெல்லியதற்கும் என இவ்வொழுங்கிலே வேலை செல்லும். சுற்றுக்கள் ஏறக்குறைய 45 பாகை சாய்வில், பட்டையைத் தொட்டும் நெரிக்காதும், ஒன்றையொன்று குறுக்கிடாதும் அமைதல் வேண்டும். இலையையும் அரும்பையும் கம்பிக்குள் அகப்படுத்தலாகாது.

வளைக்குங்கால் இரு பெருவிரல்களையும் வளைவின் உட்புறத்தில் ஊன்றி, சிறிது சிறிதாக வளைக்க. வளைவின் வெளிப்புறத்திலே கம்பியின் சுற்று ஒன்று இருத்தல் இன்றியமையாதது. நார்கள் கிழிவது அப்புறத்திலேதான். மெல்லிய நெரிவோசை கேட்டால் அவ்விடத்தே நிறுத்துக. போகன்விலாவின் முதிர்ந்த கொம்பு முன்னறிவிப்பின்றி முறியும் இயல்பினது. அதனைப் பசுமை மாறாத பருவத்திலேயே வளைத்தல் நன்று. தேயிலையின் பழந்தூரை வளைக்க முயலாது, அதிலெழும் புதுக்கிளைகளை மாத்திரம் வளைப்பதே அறிவுடைமை. பழமொழியின் கூற்று இங்கே முற்றும் மெய்யாகும்.

வளைத்த கிளை எவ்வாறு நிலைபெறுகின்றது? கம்பி அதனைப் பிடித்து வைத்திருக்கின்றதேயன்றி நிலைபெறுத்துவதில்லை. பட்டைக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள மாறிழையம் உள்நோக்கிக் காழையும் வெளிநோக்கி உரியத்தையும் நாடோறும் தோற்றுவிக்கின்றது. வளைந்த நிலையிற் புதிதாகப் படியும் காழே கிளையை அந்நிலையிற் பூட்டிவிடுகின்றது. ஆகவே கிளை பருத்தாலன்றி வளைவு நிலையாது. ஆனால் கிளை பருக்குங்கால் கம்பி பருக்காது. எந்த வளர்ச்சி வளைவை நிலைநிறுத்துகின்றதோ, அதே வளர்ச்சி கம்பியைப் பட்டைக்குள் புதைக்கின்றது. புதைந்த கம்பி இலையிலிருந்து உணவு இறங்கும் உரியத்தை நெரிக்கும், கிளை மெலியும், சிலவேளை பட்டுப்போம். பிழைத்தாலும், திருகாணி வரிபோன்ற தழும்பு பல்லாண்டு மறையாது. கம்பியை அளவுக்கு முன்னே அகற்றினால் கிளை பழைய நிலைக்கு மீளும். பின்னே அகற்றினால் வடுப்படும். இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள சில நாட்களை அறிந்துகொள்வதே இக்கலையின் உயிர்நிலை.

யப்பானிய அனுபவத்தை அடியொற்றிய நூல்கள் கம்பியைப் பல மாதம், சில மரங்களுக்கு ஓராண்டுக்கு மேலும், வைத்திருக்கச் சொல்லும். அங்கே மாரிக்காலத்து மரம் உறங்கும். நம் கண்டியிலோ அத்தகைய உறக்கம் இல்லை. ஆண்டின் தொடக்க மாதங்களிற் சற்று வறட்சி; பின்னர் இரு பருவமழைகளும் அவற்றின் இடைமழைகளும் மாறி மாறி வருதலால், அத்தியும் ஆலும் ஆண்டு முழுவதும் பருத்துக்கொண்டேயிருக்கும். பங்குனியில் இட்ட கம்பி சித்திரை மழைக்குப்பின் சில வாரங்களிலே பட்டையிற் பதியத் தொடங்குதல் கூடும். அத்தியின் இளங்கொம்பில் ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள்ளும், கெட்டியான கிளையில் இரண்டிலிருந்து நாலு மாதத்துக்குள்ளும் கம்பியை அகற்றும் வேளை வரலாம். இவை திட்டமான கணக்கல்ல. வாரந்தோறும் கண்ணாற் பார்த்தலே கணக்கு. கம்பியின் இரு புறமும் பட்டை சிறிதே மேலெழக் கண்டால், அன்றே அகற்றுக. கிளை மீண்டெழுமாயின், வேறு கம்பியை வேறு தடத்திற் சுற்றலாம். அது தோல்வியன்று, அத்தொழிலின் இயல்பே அது.

அகற்றும்பொழுது செப்புக் கம்பியைச் சுருளவிழ்க்கக் கூடாது. முன்னர்க் கூறியவாறு அது இறுகியிருக்கும். அவிழ்த்தால் கிளையும் உடன் திருகும். நுனிமழுங்கிய குறட்டினால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுத்தலே முறை. நறுக்கிய துண்டுகளைச் சட்டியில் விழவிடாது பொறுக்குதல் வேண்டும். செம்புக்கும் செடிக்குமுள்ள உறவு மலைநாட்டார்க்குப் புதிதன்று. 1946 ஆம் ஆண்டில் தேயிலைக்குக் கொப்புள நோய் இலங்கையில் வந்தபின், செம்பு கலந்த மருந்துகளே தோட்டங்களிற் பெரிதும் தெளிக்கப்பட்டன. பூஞ்சணத்தைக் கொல்லும் அவ்வுலோகம் மண்ணில் மிகுந்தால் வேர்நுனிகளுக்கும் தீங்கு செய்யும். கிளைமேல் உலர்ந்து கிடக்கும் கம்பியால் அத்தகைய கேடில்லை. கம்பியிட்ட மரத்தைச் சில வாரம் வெயிலும் காற்றும் மிகாத இடத்தில் வைத்து, அக்காலத்தில் வேரைத் தொடாதிருத்தல் நன்று.

இக்கலைக்கு வேண்டும் பொருள் மிகச் சிறிது: மதிலில் முளைத்த ஓர் இத்திக் கன்று, ஒரு மண்தட்டு, கைப்பிடி வைக்கோல், எஞ்சிய வயர்த் துண்டு. ஓய்வு பெற்ற பழைய மாணவர் விறாந்தையிலும், இன்று பயிலும் மாணவர் விடுதி முற்றத்திலும் இதனைத் தொடங்கலாம். ஆசிரியர்க்கு இதன் உட்பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எல்லோர்க்கும் ஒன்று மாத்திரம் சொல்லி அமைவோம். கம்பியைச் சுற்றி முடித்ததும், சிறு தகடொன்றில் அன்றைய திகதியை எழுதி மரத்திற் கட்டுக. கம்பியிட்ட நாளை மறந்தவன் கம்பியை மறப்பான். மரமோ அதனை மறவாது.