சம்பளச் சீட்டா, சீட்டுக்கட்டா?

தங்கா பத்து சாப்பாட்டுக் கடை ஒன்றில், இரவு ஷிஃப்ட் முடித்து வந்த தம்பி ஒருவர் தே தாரிக் ஆறுவதற்குள் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். போக்கரில் 180 வெள்ளி ஜெயித்திருந்தார். "பத்து நிமிஷம்ணே. கம்பெனியில இதுக்கு மூணு நாள் நிக்கணும்." வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டார்.

போக்கருக்குத் திறமை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மேசைக் கணக்கைப் பாருங்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 300 வெள்ளி, மொத்தம் 2,400. மணிக்கு 25 ஆட்டம், ஆட்டத்துக்கு 80 வெள்ளி சேர்கிறது, நடத்துபவர் நூற்றுக்கு 5 எடுக்கிறார் என்று வையுங்கள். ஆறு மணி நேரத்தில் 600 வெள்ளி மேசையை விட்டுப் போய்விடும். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் எட்டில் இரண்டு பேரின் பணம் காலி.

திறமை ஆட்டம் என்ற வாதம் மலேசியாவில் எடுபடாது. 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டப்படி, அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தைப் பணத்துக்கு ஆடினாலும் சூதாட்டம்தான். கெந்திங் மலையில் மட்டுமே உரிமம் பெற்ற கசினோ இருக்கிறது. தாமான் வீட்டில் நடக்கும் சூதாட்ட மேசையில் பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஜெயித்த பணத்தைத் தராவிட்டால்? 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் பந்தய ஒப்பந்தம் செல்லாது. வழக்குப் போட வழியில்லை.

தம்பியின் சம்பளச் சீட்டுக்கு வருவோம். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் இபிஎஃப் சேமநிதிக்கு அவர் பங்கு 187, முதலாளி பங்கு 221. மாதம் 408 வெள்ளி அவர் பெயரில் சேர்கிறது. புக்கிட் ரம்பாய்க்கு வேலைக்குப் போகிற வழியில் கப்சாய் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கால் உடைந்தால் சொக்சோ காப்புறுதி இருக்கிறது. ஆட்குறைப்பில் வேலை போனால் வேலைக் காப்புறுதித் திட்டம் உதவும்; தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு அதில் காசு கிடையாது. இதைத் தம்பி அறிந்திருக்கவில்லை.

ஏற்கெனவே கடனில் மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமம் பெற்ற வட்டிக்கடை அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. உரிமமில்லாமல் கடன் தரும் ஆலோங் வாரத்துக்கே 10 விழுக்காடு கேட்டால் அது சட்டவிரோதம். அடையாள அட்டையையும் ஏடிஎம் கார்டையும் கொடுக்காதீர்கள். மிரட்டினால் குறுஞ்செய்திகளைச் சேமித்து வைத்துப் போலீஸில் புகார் கொடுங்கள். வங்கிக் கடன் என்றால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாகவே தவணையைத் திருத்தி அமைக்க உதவும். "கணக்கை மட்டும் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று ஆட்டக்காரக் கூட்டாளி கேட்டால் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கை இரவல் தருவதும் குற்றம்.

180 வெள்ளியை வங்கிக்கு மாற்றிவிட்டாயா என்று தம்பியிடம் கேட்டேன். "இல்லண்ணே, 500 ஆனாத்தான் எடுக்க விடுவானுங்க."