ராம்குமாரின் காசி: ஆட்கள் எங்கே போனார்கள்?

அரூப ஓவியம்னாலே மக்களை விட்டுத் தப்பி ஓடுகிற வேலை என்று நம்ம தோழர்களில் பலர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எதிர்த்தரப்புக்காரர்களோ ஓவியத்திடம் போய் அரசியல் கேட்பதே அநாகரிகம் என்று முகம் சுளிக்கிறார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் இடைஞ்சலாக நிற்கிற ஒருவர் ராம்குமார் (1924-2018).

சிம்லாவில் பிறந்தவர். தில்லியில் பொருளாதாரம் படித்துவிட்டுக் கொஞ்ச காலம் வங்கியில் வேலை பார்த்தார். அதை உதறிவிட்டுப் பாரீஸ் போனார். அங்கே ஆந்த்ரே லோத்திடமும் ஃபெர்னான் லெஜேயிடமும் ஓவியம் பயின்றார். பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். இந்தியில் சிறுகதையும் எழுதினார் (நிர்மல் வர்மாவுக்கு அண்ணன் என்றால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும்). 1950களில் அவர் வரைந்ததெல்லாம் நகரத்தில் கதியற்று நிற்கிற நடுத்தர வர்க்கத்து மனிதர்களை. 'வேலையில்லாப் பட்டதாரிகள்' (1956) என்று ஒரு ஓவியத்துக்கே தலைப்பு. பொருந்தாத கோட்டு, எங்கேயும் பார்க்காத கண்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக வீடுகள். இந்த வீடுகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

1960இல் எம்.எஃப். ஹுசைனுடன் காசிக்குப் போகிறார். பிரேம்சந்தின் மகன் ஸ்ரீபத் ராயின் வீட்டில் தங்கல். அதற்கப்புறம் ஓவியங்களிலிருந்து ஆட்கள் காணாமல் போகிறார்கள். இந்தியாவிலேயே இத்தனை ஜனம் நெரிகிற ஊர் வேறு சிலதான் இருக்கும். அதை ஒரு ஆள்கூட இல்லாமல் வரைகிறார்!

அச்சில் பார்த்தால் அந்தச் சாம்பல் நிறம் வெறும் சேறு மாதிரி தெரியும், அதை நம்பக் கூடாது. சாம்பலுக்குள் காவி, கரி, பழுப்பு, செத்த மஞ்சள் எல்லாம் அடுக்கடுக்காகக் கிடக்கும். வானம் அநேகமாக இருக்காது. வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கரையை நோக்கிச் சரியும். ஜன்னல்கள் வெறும் கறுப்புக் கீறல்கள். கீழே ஆறு ஒரு பட்டையாக நிற்கும், ஓடாது. வீடா, பாறையா, வெறும் வண்ணத்தீற்றலா என்று கண் தீர்மானிப்பதற்குள் ஓவியம் நழுவிவிடும். இதைத்தான் பாதி அரூபம் என்கிறோம். 1970களில் இந்த வீடுகளும் கரைந்து, கத்தி வீச்சு மாதிரியான வண்ணப் பட்டைகளாயின. பிற்காலத்தில் வீடுகள் மறுபடியும் திரும்பி வந்தன.

இதைப் பின்வாங்கல் என்று நான் வாசிக்கவில்லை. 1956இல் முதுகுக்குப் பின்னால் நின்ற வீடுகள் இப்போது முன்னால் வந்து ஆட்களை மூடிவிட்டன. பட்டதாரி எங்கும் போய்விடவில்லை, சுவருக்குள்தான் இருக்கிறான். அந்த ஊரின் பாழ்பட்ட தன்மையை அழுத்திச் சொல்லத்தான் உருவங்களை விலக்கினேன் என்ற அர்த்தத்தில் ராம்குமாரும் பின்னாளில் பேசியிருக்கிறார். முகம் இருந்தால் நாம் இரக்கப்பட்டுவிட்டுப் போய்விடுவோம். முகமே இல்லாத சுவரிடம் இரக்கத்தைக் காட்டி என்ன பண்ணுவது?

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் அது ரசிகர் மன்ற வேலை. யார் யாரை அழித்தார் என்று கேட்க வேண்டாமா? காசியில் எல்லோரும் ஒரே மாதிரியாகவா இருக்கிறார்கள்? சாக வந்தவர், சாமி கும்பிட வந்தவர், பிணம் எரிக்கிற டோம் எல்லாரும் ஒரே சாம்பல் பூச்சுக்குள் போய்விடுகிறார்கள். சாவின் துயரம் ஓவியத்தில் தங்குகிறது, சாவைச் சுமக்கிற உழைப்பு தங்கவில்லை. நம்மூர்ச் சுடுகாட்டு வாசலிலும் அரிச்சந்திரன் கல்லாக நிற்கிறான். காசியில் பிணம் சுட்ட ராஜாவுக்குப் பூசை நடக்கிறது, அதே வேலையைப் பரம்பரையாகச் செய்கிறவனுக்குத் தெருவில் நடக்கவே தடை இருந்தது. உன்னதத்துக்குள் சாதி மறைகிற இந்த இடத்தில் ராம்குமாரின் தூரிகையும் மௌனமாகத்தான் இருக்கிறது. அந்த ஓவியங்கள் எனக்குப் பிடித்திருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ராம்குமார் 2018இல் இறந்தார். 2019இல் விசுவநாதர் கோயிலிலிருந்து கங்கை வரைக்கும் அகலப் பாதை போடும் வேலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்காக 300 கட்டிடங்கள் வரை இடிக்கப்பட்டன. அவர் வரைந்த அந்தச் சந்துகள், ஒன்றையொன்று தாங்கி நின்ற அந்தச் சுவர்கள். 2021 டிசம்பரில் திறப்பு விழா நடந்தது. அவருடைய காசியில் வீடுகள் நின்றன, ஆட்கள் இல்லை. இங்கே வீடுகள் போய், கல் பாவிய வெளியில் புகைப்படம் எடுத்துக்கொள்கிற கூட்டம். வளாகத்தை ஒட்டிய மணிகர்ணிகையில் பிணம் எரிப்பது இன்றைக்கும் டோம்கள்தான்.