பழைய வீடும் புதிய பண்டமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கல்லூரியில் பயிலும் என் தமையனாரின் மகள், புதுச்சேரியில் புதிதாகத் திறந்துள்ள உணவுச்சாலை ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றாள். "சித்தப்பா, அங்கே பிரஞ்ச் நன்றாக இருக்கும்" என்றாள். புதுச்சேரிக்காரன் காதில் அச்சொல் எவ்வாறு விழும்? "பிரெஞ்சுக்காரர் உணவா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

நேயர்களே, 'பிரஞ்ச்' என்பதற்கும் பிரெஞ்சு நாட்டிற்கும் தொடர்பு ஏதும் இல்லை. காலையுணவைக் குறிக்கும் 'பிரேக்பாஸ்ட்', நண்பகலுணவைக் குறிக்கும் 'லஞ்ச்' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டியதே அது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலந்தாழ்த்தி எழுவோர்க்கு இருவேளை உணவையும் ஒருவேளையாக்கிவிடலாம் என்று, கை பெரிஞ்சர் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1895-ஆம் ஆண்டில் பரிந்து எழுதினார். 'பர்கர்' என்பதோ, ஜெர்மனியின் துறைமுக நகரமாகிய ஹாம்பர்க்கின் பெயரால் வந்தது. கொத்திய இறைச்சியை வடைபோல் தட்டி வாட்டும் பண்டம், அமெரிக்காவில் ரொட்டிக்கு நடுவே புகுந்தது. 1921-இல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் இதற்கென்றே ஒரு கடைத்தொடர் தோன்றியது. நான் உண்டது காய்கறிப் பர்கர். சுவையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உண்ணும்போது என் கண்கள் தட்டில் நிற்கவில்லை, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன. சிறுவனாக இருந்த காலத்தில், பள்ளி விட்டு வரும் வழியில் மழைக்கு ஒதுங்கிய திண்ணை அந்த வீட்டினுடையது!

புதுச்சேரி நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே, கடலை ஒட்டி, உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் கொண்ட பிரெஞ்சுப் பகுதி. மேற்கே, திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட தமிழர் பகுதி. சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும், மேல்தளம் வளைவுச் சாளரங்களுடன் பிரெஞ்சு முறையிலும் அமைந்திருக்கும். நான் சென்ற உணவுச்சாலை, தமிழர் பகுதியில் அத்தகைய ஒரு வீட்டிலேதான் நடைபெறுகிறது.

இவ்வீடுகள் ஏன் அழிகின்றன? முதற்காரணம், பயனின்மை. பங்காளிகள் பலராகிப் பாகம் பிரியாமல் பூட்டிக்கிடக்கும் வீட்டை யார் பழுது பார்ப்பார்கள்? தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கூரை அது. ஒரு மழைக்காலம் ஒழுகினால் உத்திரத்தின் முனை உளுக்கும். இரண்டாங்காரணம், அறியாமை. சுண்ணாம்புப் பூச்சு, சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து செங்கல்லை அரித்துவிடும். கடற்கரையில் நின்ற பழைய நகரமன்றமாகிய 'மேரி' கட்டடம், 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாத மழையில் இடிந்து வீழ்ந்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 2021-இல் அது மீண்டும் எழுந்தது. ஆயினும் அது பழையதன் சாயலில் நிற்கும் புதுக்கட்டடமே.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. வைசியாள் வீதி என வழங்கும் கால்வே சுப்பராயச் செட்டி வீதியில், இன்டாக் என்னும் மரபுச் செல்வப் பாதுகாப்பு அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையுடன், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளுள் ஒன்று அவ்வீதிக்குக் கிடைத்தது. அதன் பின்னர் பழைய வீடுகளின்பால் பலருடைய பார்வையும் திரும்பிற்று. விடுதிகளும் உணவுச்சாலைகளும் அவ்வீடுகளில் குடியேறின. பழைய கட்டடத்தின் உருவைக் காத்து, அதற்குப் புதிய தொழிலைத் தருவதைத் தகவமைத்துப் பயன்படுத்தல் என்பர். வருவாய் இருந்தால்தானே கூரை ஒழுகாது!

ஆனால் ஒன்று என் மனத்தை உறுத்தியது. நான் மழைக்கு ஒதுங்கிய அந்தத் திண்ணையில் இப்போது பூந்தொட்டிகள் இருந்தன. குறுக்கே ஒரு சங்கிலி. 'வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்றொரு பலகை. திண்ணை என்பது வீட்டுக்காரரின் உடைமைதான். ஆயினும் வழிப்போக்கனுக்கு விடப்பட்ட இடம். அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். "இந்தக் கடை வந்தது நல்லதுதானா, அம்மா?" என்று கேட்டேன்.

"பத்து வருஷமாப் பூட்டிக் கிடந்த வீடு, தம்பி. இப்போ விளக்கு எரியுது, நல்லதுதான். ஆனா, தெருவுல வாடகை ஏறிப்போச்சு. என் மகன் குடும்பத்தோட லாஸ்பேட்டைக்குப் போயிட்டான்" என்றார்.

இரண்டும் உண்மை. கடை வந்திராவிட்டால் அந்த வீடு இன்று மண்மேடாகியிருக்கும். கடைகளே வந்துகொண்டிருந்தால், தெருவில் வீடுகள் இருக்கும், வீட்டார் இரார். உலகின் பழைய நகரங்கள் பலவும் இன்று இந்தச் சிக்கலிலேதான் உழல்கின்றன.

மாணவ நேயர்களே, இத்தகைய உணவுச்சாலைக்கு நீங்களும் செல்வீர்கள், செல்லுங்கள். சென்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சுவரில் பூசியிருப்பது சுண்ணாம்பா, சிமெண்டா? திண்ணை திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா? உணவு கொண்டுவரும் இளைஞர் அந்தத் தெருவினரா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், வீட்டோடு தெருவும் பிழைத்தது என்று கொள்ளலாம்.

புறப்படும்போது அந்த மூன்றில் இரண்டாவதை உணவுச்சாலை மேலாளரிடம் கேட்டேன். "சங்கிலியை எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்துவிடுவார்களே, ஐயா!" என்றார் அவர்.

"அதற்குத்தான் திண்ணை" என்றேன்.