படுக்கையருகே ஒரு புத்தகம்

நோயாளருக்கும் உடனிருப்போருக்கும் பொதுவான சுமை ஒன்று உண்டு, அது காத்திருத்தல். பரிசோதனை முடிவுக்கும், மருத்துவர் வருகைக்கும், புண் ஆறுவதற்கும் காத்திருக்கையில் பொழுது நகர மறுக்கும். புத்தகம் மருந்துக்கு மாற்று அன்று. ஆயினும் அந்நேரத்தை இருவர் சேர்ந்து கடக்க அது உதவும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் இல்லத்தில் ஓய்வில் இருந்த தந்தையாருக்குச் சென்ற மாதம் முழுவதும் மாலைதோறும் அரைமணி நேரம் படித்துக் காட்டினேன். அவற்றுள் மூன்றை இங்கே பரிந்துரைக்கிறேன்.

என் சரித்திரம் – உ.வே.சாமிநாதையர்

ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்த தன்வரலாறு. அத்தியாயங்கள் சிறியவை, நாளுக்கு ஒன்று போதும். 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்திக்கும் பகுதி நம் ஊராருக்குப் பெருமை தருவது. அந்தாதி, உலா, கோவை என்று தாம் கற்றவற்றை ஐயர் அடுக்க, முதலியாரோ சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவுகிறார். அந்த ஒரு கேள்வி ஐயரைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பியது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. வெல்ல மண்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற என் தந்தையார், மறுநாளும் அதே அத்தியாயத்தைப் படிக்கச் சொன்னார்.

இந்நூலில் உடனிருப்போர் காண வேண்டியது மற்றொன்று. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் நோய்ப் படுக்கையில் இருந்தபோது, ஐயர் அருகில் அமர்ந்து திருவாசகம் படித்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாத நேரத்திலும் படித்துக் காட்டுதல் ஒரு பணிவிடையாகும்.

அன்பளிப்பு – கு.அழகிரிசாமி

1970ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற தொகுதி இது. தலைப்புக் கதையில், புத்தகங்களை நாடி ஒருவர் வீட்டுக்கு ஓடிவரும் குழந்தைகளுள் சாரங்கன் என்ற சிறுவனும் ஒருவன். மற்றவர்க்குக் கிடைத்த பரிசு அவனுக்குக் கிடைக்கவில்லை. அதன்பின் அவன் செய்வதைக் கதையிலேயே காண்க. வீட்டில் ஒருவர் நோயுற்றால் அனைவர் கவனமும் அவர்மீதே குவியும். ஓரமாய் நிற்கும் பிள்ளையை எவரும் கேட்பதில்லை. இக்கதையைப் படித்த இரவு, என் மகளிடம் அவள் பள்ளியைப் பற்றி நெடுநேரம் பேசினேன்.

பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை – பெருமாள்முருகன்

திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த ஆசிரியர் 2016இல் வெளியிட்ட நாவல். பிழைக்குமா என ஐயுறத்தக்க ஒரு கருப்பு ஆட்டுக்குட்டியை முதிய இணையர் வளர்க்கின்றனர். குட்டியைப் பால் குடிக்க வைக்க அவர்கள் படும் பாட்டை, உணவு மறுக்கும் நோயாளரைப் பேணுவோர் நன்கறிவர். பின்பகுதியில் பஞ்சமும் துயரமும் மிகுதி. மனம் தளர்ந்திருப்போர் இதனைச் சிறிது காலம் தள்ளி வைக்கலாம்.

படித்துக் காட்டுவோர்க்குச் சில சொற்கள்:

நூலை நோயாளரே தேர்ந்தெடுக்கட்டும். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். அவர் கண்ணயர்ந்தால் நிறுத்திவிடுங்கள். அடுத்த படுக்கையில் இருப்பவர் உறங்கினால் குரலைத் தாழ்த்துங்கள். இடையில் அவர் தம் பழங்கதையைத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். விட்ட பக்கத்தை நாளை தொடரலாம். கேட்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டா. அவர் உறங்கும் வேளையில் உங்களுக்காகவும் இரண்டு பக்கம் படியுங்கள்.