தங்கவயல் தூசியும் தீராத அசதியும்: இழப்பீட்டுப் பட்டியலில் இல்லாத நோய்கள்

புதுதில்லி: கோலார் தங்கவயலில் குன்றுகளாகக் குவிந்து கிடக்கும் சுரங்கக் கழிவு மண்ணில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 13 மண்மேடுகள், சுமார் 1,003 ஏக்கர், ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண் என விவரங்கள் துல்லியமாகவே உள்ளன. அந்த மண்ணைப் பூமிக்கடியிலிருந்து மேலே கொண்டுவந்த தொழிலாளர்களின் உடல்நிலை குறித்து இத்தகைய துல்லியம் காணப்படவில்லை.

1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியதிலிருந்து வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தமிழர்கள், பெரும்பாலும் தலித் குடும்பத்தினர், இங்கு குடியேறினர். 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் படிகக்கல் பாறையைத் துளையிட்டபோது எழுந்த சிலிக்கா தூசியை அவர்கள் சுவாசித்தனர். 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட பரிசோதனையில், நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானோருக்கு சிலிகோசிஸ் எனும் நுரையீரல் நோய் இருந்தது தெரியவந்தது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

நுரையீரலைத் தாண்டி: சிலிக்கா நுரையீரலோடு நிற்பதில்லை என்பதே மருத்துவ உலகம் இன்று வலியுறுத்தும் செய்தி. நுண்துகளை விழுங்கும் பாதுகாப்பு அணு அதைச் செரிக்க முடியாமல் மடிகிறது. வெளியேறும் துகளை மற்றோர் அணு விழுங்குகிறது. சுரங்கத்தைவிட்டு வெளியேறிய பிறகும் இச்சுழற்சி நீடிக்கிறது. ஓயாமல் தூண்டப்படும் நோய் எதிர்ப்பு மண்டலம், சிலரது உடலில், சொந்தத் திசுக்களையே பகையாகக் கருதும் 'ஆட்டோ ஆன்டிபாடி' எனும் புரதங்களை உருவாக்குகிறது. முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகிப்போகும் ஸ்கிளிரோடெர்மா ஆகியவை இவ்வழியில் வருபவை. இந்நோய்களில் மூட்டு வலியோடு, ஓய்வெடுத்தாலும் தீராத அசதியும் சேர்ந்தே வருகிறது. வயதான சுரங்கத் தொழிலாளி அசதி என்று சொன்னால் அதை முதுமை என்றோ, குடியின் விளைவு என்றோ ஒதுக்கிவிடுவது எளிது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. கல்தச்சர்களிடம் ஸ்கிளிரோடெர்மா காணப்படுவதை ஸ்காட்லாந்து மருத்துவர் பிராம்வெல் 1914-லேயே பதிவு செய்தார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் அதே நோயை எராஸ்மஸ் 1957-ல் விவரித்தார். கிழக்கு ஜெர்மனியின் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் ஆட்டோ ஆன்டிபாடிகள் கண்டறியப்பட்டன.

எச்சரிக்கையும் தேவை: ரத்தத்தில் ஆட்டோ ஆன்டிபாடி இருப்பவர்கள் அனைவரும் நோயாளிகள் அல்லர், எல்லா அசதிக்கும் அதுவே காரணமும் அல்ல. உடல் முழுவதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளின் ஆன்டிபாடிகளை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் வலியுணர்வு மிகுந்ததை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2021-ல் தெரிவித்தனர். ஆனால், ஆன்டிபாடிகளை உருவாக்கும் அணுக்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தை நாள்பட்ட அசதி நோயாளிகள் 151 பேரிடம் சோதித்த நார்வே ஆய்வு, அதனால் பயனில்லை என்று 2019-ல் அறிவித்தது. அசதி குறித்த விவாதம் முடியவில்லை. சிலிக்காவுக்கும் ஸ்கிளிரோடெர்மாவுக்கும் உள்ள தொடர்போ வலுவாகவே நிறுவப்பட்டுள்ளது.

சட்டம் சொல்வது என்ன?: தென்னாப்பிரிக்காவின் 1973-ஆம் ஆண்டுச் சட்டம், சுரங்கப் பணியால் வரும் ஸ்கிளிரோடெர்மாவை இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்கிறது. இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சிலிகோசிஸை ஏற்கின்றன. ஸ்கிளிரோடெர்மா அதில் இல்லை. சிலிகோசிஸுக்கே இங்கு இழப்பீடு எளிதில் கிடைத்ததில்லை. குஜராத்தின் கல் அரைக்கும் ஆலைகளில் பணியாற்றி உயிரிழந்த 238 மத்தியப் பிரதேசத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்குத் தலா ரூ.3 லட்சம் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட வேண்டியிருந்தது.

பட்டியலில் புதிய நோயைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் மசோதா தேவையில்லை. மூன்று மாத முன்னறிவிப்புக்குப் பின் அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.